ஸ்டாக் இல்லை சார்

“இந்த வாரமும் ஸ்டாக் இல்லையா? புத்தகக் கடை நடத்தறீங்களா, பஜ்ஜிக் கடை நடத்தறீங்களா?”

சந்தானம் போட்ட சத்தத்தில் பெங்களூர் தொம்மலூர் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சி.இ.டி. கைடு இன்னும் வரல சார்” என்றாள் மரகதம்.

“போன சனிக்கிழமையும் இதேதான் சொன்ன. என் பொண்ணு என்ட்ரன்ஸ் எக்ஸாம் எழுத வேண்டாமா? உனக்கெல்லாம் எவன்மா வேலை கொடுத்தான்?”

இந்த வாரம்தான் மேனேஜராக வந்திருந்த ஷ்ரேயாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் கத்தியவர் மேல் இல்லை, மரகதத்தின் மேல்.

பின்னே? சந்தானம் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்ததுமே, மேஜை மேலிருந்த கைடுகளை அவள் அள்ளிக் கவுன்டருக்கு அடியில் திணித்ததை அவன் தன் கண்ணாலேயே பார்த்தானே!

“மேடம், அடியில என்ன இருக்கு?”

“சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க, சொல்றேன்.”

“கஸ்டமரை நிக்க வச்சிட்டு உள்ள என்ன பேச்சு? நகருங்க.”

அவள் நகரவில்லை. அவனே குனிந்து ஒரு கைடை உருவினான்.

“பேடா சார், வேண்டாம்” என்று கன்னடமும் தமிழுமாகக் கிசுகிசுத்தாள் மரகதம். “உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், கொடுத்துடாதீங்க.”

“சாரி சார், இந்தாங்க. புது எடிஷன்” என்று நீட்டினான் ஷ்ரேயாஸ்.

சந்தானத்தின் குரல் சட்டென்று இறங்கிப் போனது. கைடை வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்தார்.

“ரொம்ப தேங்க்ஸ் தம்பி. நல்லா பேக் பண்ணச் சொல்லுங்க. முனை மடங்கினா சுப்ரியாவுக்குப் பிடிக்காது.” பிறகு மரகதத்தைப் பார்த்துச் சிரித்தார். “கோவிச்சுக்காதம்மா. குழந்தை காத்துட்டிருக்கா, அதான் கத்திட்டேன்.”

அவர் ஆட்டோ ஏறியதும் ஷ்ரேயாஸ் ஆரம்பித்தான்.

“ஒளிச்சு வச்சு வெளியில யாருக்கு விக்கறீங்க? பாவம், பெத்த மனுஷன் எப்படித் தவிக்கறார்! நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்.”

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“அம்மா, மரகதம் பேசறேன். சார் புக்கோட வர்றார். என்னால தடுக்க முடியல, மன்னிச்சிடுங்கம்மா. பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட்டு வச்சுக்குங்க.”

“யார் அது?”

“அவர் சம்சாரம்.”

“பொண்ணுக்கு புக் வாங்கிட்டுப் போறார். இதுல அழறதுக்கு என்ன இருக்கு?”

“பொண்ணு எங்க சார் இருக்கா?”

“என்ன சொல்றீங்க?” என்றான் ஷ்ரேயாஸ்.

“போன வருஷம் இந்தக் கைடை வாங்கிட்டு வாங்கப்பான்னு தினமும் சொல்லியிருக்கா. அவரும் ஆபீஸ் வேலையில மறந்து மறந்து போயிருக்கார். கடைசியில அவளே ஸ்கூட்டியில வந்தா. நான்தான் பில் போட்டேன். ஜோகுபாளையத்துக்குத் திரும்பிப் போறப்ப, ஓல்ட் மெட்ராஸ் ரோட்ல லாரி அடிச்சிடுச்சு.”

“அய்யோ!”

“அவர் மனசு அதை ஏத்துக்கல சார். சனிக்கிழமை ஆனா கிளம்பி வந்துடுவார். புக் இல்லன்னா என்னைத் திட்டுவார். அந்தக் கோபத்தோடயே வீட்டுக்குப் போய், என்னைத் திட்டிக்கிட்டே சாப்பிட்டுத் தூங்கிடுவார்.”

“புக் கிடைச்சா?”

“வாசல்லயே நின்னு ‘சுப்ரியா, வாங்கிட்டேம்மா’ன்னு கூப்பிடுவார். அவ வரமாட்டா. அப்பதான் சார் அவருக்கு அவ செத்துட்டான்னு தெரியும். ஒவ்வொரு தடவையும் புதுசா தெரியும். விஷயம் தெரியாம ஆரம்பத்துல நானும் கொடுத்திருக்கேன். அந்தம்மா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படி அழுதாங்க.”

ஷ்ரேயாஸ் ரோட்டுக்கு ஓடினான். ஆட்டோ எப்போதோ போய்விட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை சந்தானம் மறுபடி ரோட்டைக் கடந்து வந்தார். மரகதம் அவசரமாக மேஜைப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு கைடுகூட இல்லை. கவுன்டருக்கு முன்னால் ஷ்ரேயாஸ் நின்றிருந்தான்.

“சி.இ.டி. கைடு வந்துச்சா?”

“ஸ்டாக் இல்லை சார்.”

“நீயெல்லாம் ஒரு மேனேஜரா? ஒரு அப்பனோட கஷ்டம் தெரியுமா உனக்கு? வெட்கமா இல்ல?”

ஷ்ரேயாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

“ரொம்ப வெட்கமா இருக்கு சார்.”