ஈரம் காயாத சாந்து

விரலில் ஈரம் ஒட்டியது.

அவன் மறுபடியும் தொட்டுப் பார்த்தான். சந்தேகமே இல்லை. முந்தாநாள் பூசிய சாந்துப்பட்டை இந்நேரம் கல்லாகக் காய்ந்திருக்க வேண்டும்.

நிலநடுக்கத்தில் சரிந்த குளியல் மண்டபத்தை எழுப்பி நிறுத்தியது அவனும் அவனைப் போன்ற நகரத்து அடிமைகளும்தான். உடைந்த ஓடுகளை இடித்துச் சுண்ணாம்போடு கலந்து, பிளந்த சுவர்களைச் சேர்த்து, மேலே வளைகூரையும் ஏற்றியாகிவிட்டது. வெந்நீர் அறையின் இந்த ஒரு விரிசல் மட்டும் அவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே மெல்லிசாக ஒரு சாந்துப்பட்டை பூசி வைத்தான். பட்டை முழுசாக இருந்தால் சுவர் அடங்கிவிட்டது. உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, கூரை எந்த நேரமும் இறங்கலாம்.

பட்டை முழுசாகத்தான் இருந்தது.

யாரோ புதிதாகப் பூசியிருந்தார்கள்.

நகத்தால் சுரண்டினான். உள்ளே விரிசல் அவன் விரலையே வாங்கிக்கொண்டது. நேற்று அடுப்பு மூட்டிச் சூடு ஏறியதும் வாய் பிளந்திருக்கிறது.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். அவன் மனைவி, கூடவே சாந்து குழைத்த அடிமை. நிறைமாதம். கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். ஒளிக்காமலே இருந்திருக்கலாம். இவ்வளவு நேர்த்தியாகப் பட்டை பூச அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

"ஒரே ஒரு நாளுங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

அவளைக் குற்றம் சொல்லவும் அவனுக்கு மனசு வரவில்லை. மண்டபம் திறக்கும் நாளான இன்று கட்டியவர்களுக்கு விடுதலை என்பது நகரத் தலைவரின் வாக்கு. திறப்பு நின்றால் விடுதலையும் நிற்கும். சுவரைப் பிரித்துக் கட்டி முடிப்பதற்குள் குழந்தை பிறந்துவிடும். அடிமை பெறுவது அடிமை. சட்டம் அதற்குமேல் யோசிப்பதில்லை.

அவன் அவளைக் கைத்தாங்கலாக வாசல் படிக்கு அழைத்துப்போனான்.

மாதக்கணக்கில் வெந்நீரைக் காணாத ஊர். கூட்டம் அலைமோதியது. பெண்களும் குழந்தைகளும் முதலில் குளிப்பதாக ஏற்பாடு. கதவை ஒட்டி ஒரு சிறுமி எண்ணெய்க் குப்பியோடு குதித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமலிருக்க அவன் படாத பாடு பட்டான்.

"சுவர் எல்லாம் சரிதானே?" என்றார் தலைவர்.

அவன் தலையாட்டினான். தலையாட்டிய தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

தலைவர் பேசத் தொடங்கினார். கூட்டத்தைக் கண்டுவிட்டால் லேசில் விடுகிறவர் இல்லை அவர். தேவர்கள், முன்னோர், தன்னுடைய செலவு என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, கடைசியில் ஒருவழியாகப் பிரம்பைக் கையில் எடுத்தார்.

தோளில் பிரம்பு பட்டால் விடுதலை. பட்டது பட்டதுதான், யாராலும் திரும்ப வாங்க முடியாது. பெண்கள் முதலில். தலைமைக் கொத்தனான அவன் கடைசி. மரியாதையாம்.

பொறுமை இழந்த காவலாள் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

சீக்கிரம், சீக்கிரம் என்று அவனுக்குள் அடித்துக்கொண்டது.

அவன் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பிரம்பு தோளைத் தொட்டது. விடுதலை பெற்றவர்கள் அணியும் கம்பளிக் குல்லாயைத் தலையில் வைத்தார்கள்.

வயிற்றில் இருப்பது இனி யாருடைய சொத்தும் இல்லை.

ஆனந்தப்படக்கூட நேரமில்லை. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. அவனுக்கு முன்னால் இன்னும் சிலர்தான். பிரம்பு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நின்றால் போதும்.

கூட்டம் கதவை நெருக்கியது.

கடைசி ஆளைத் தொடப் பிரம்பை நீட்டிய தலைவர் அப்படியே நின்றார். அங்கே ஆள் இல்லை.

அவன் கதவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றிருந்தான்.

"யாரும் உள்ள போவாதீங்க. சுவர் இன்னும் நகருது. பட்டை உடைஞ்சிருச்சு. நான்தான் மறுபடி பூசி மறைச்சேன்."

காவலர்கள் அவனைப் பிடித்தார்கள்.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவன் அவள் வயிற்றைப் பார்த்தான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.