காலி டம்ளர்

“மணல் பெட்டியை விட்டுட்டு கண்ட இடத்துல போகுதுன்னா, வயிறு ரொம்பக் கெட்டிருக்கு. இப்படியே போனா குட்டி தாங்காது.” பூனைக்குட்டியின் வாயை டாக்டர் முகர்ந்து பார்த்தார். “பால் வாசனை! யார் குடுக்கிறது?”

“நீங்க சொன்னதுமே நிறுத்திட்டேன், டாக்டர்.”

“வீட்ல வேற பாலே கிடையாதா?”

“காலையில மனைவிக்கு ஒரு டம்ளர் ஆத்தி மேஜையில வச்சுட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் காலியாத்தான் இருக்கும்.”

“அப்ப அவங்கதான் செல்லம் குடுக்கிறாங்க. போனைப் போடுங்க, நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கிறேன்.”

அவன் போனை எடுக்கவில்லை.

“அவ இறந்து மூணு மாசமாச்சு, டாக்டர். டம்ளர் காலியாகுதேன்னு...”

குட்டி அவன் சட்டையை நகத்தால் பற்றிக்கொண்டது.

“நாளையிலேர்ந்து வைக்கமாட்டேன்,” என்றான்.