மேரி என்று தட்டினால்

"அந்தக் கறுப்பு ஜன்னலை மூடாதப்பா. அதை மூடினா சர்வரும் நின்னுடும்," என்றாள் ஏஞ்சல்.

அவள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஜாவா எழுதுபவள். போனின் மறுமுனையில், ஐயம்பேட்டை வீட்டுக் கட்டிலில், மடியில் லேப்டாப்போடு அவளுடைய அப்பா தேவசகாயம். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மூன்று வாரம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்ததில் காலில் பிளேட் வைத்திருந்தார்கள். எழுந்து நடக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

அவர் கேட்டது ஒன்றுதான். தன் போனில் தட்டினால், முன்னறையில் தையல் மெஷினுக்கு எதிரே வைக்கப்போகும் இந்த லேப்டாப்பில் பெரிய எழுத்தில் அது தெரிய வேண்டும். தண்ணி என்றால் தண்ணி. மேரி என்றால் மேரி. மேரி அவர் மனைவி. பட்டுப்புடவைக்காரர்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள்.

"கூப்பிட்டா அம்மா வர மாட்டாங்களா?"

"கத்திப் பேசக் கூடாதுன்னுட்டாரு மா டாக்டரு. தொண்டையில புண்ணு இருக்குதாம்," என்று தணிந்த குரலில் சொன்னார்.

கால் போதாதென்று தொண்டையுமா? அம்மாவிடம் விவரம் கேட்கலாம் என்றால், அவள் கைவேலையாக இருக்கிறாள் என்று அவரே பேசி வைத்துவிடுவார். காலிங் பெல் வாங்கி அனுப்புகிறேன் என்று ஏஞ்சல் சொல்லிப் பார்த்தாள். பெல்லெல்லாம் வேண்டாம், எழுத்துதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மெசேஜ் அனுப்பலாம் என்றால் மேரியிடம் இருந்தது பட்டன் போன். அதுவும் எந்தத் துணிக்கடியில் கிடக்குமோ.

லேப்டாப், ஏஞ்சல் பிளஸ் டூ படித்தபோது இலவசமாகக் கிடைத்தது. பெரிய சர்வர் எதையும் அது தாங்காது. அதனால் போனில் தட்டுவதை வாங்கி லேப்டாப் திரைக்குக் கொடுக்க, இருப்பதிலேயே சின்னதாக ஒரு ஜாவா சர்வரைத் தேடி எடுத்து, அதற்கான பக்கத்தையும் எழுதி அனுப்பினாள். ஜாவாவை இறக்கி ஏற்றவே தேவசகாயத்துக்கு ஒரு பகல் போனது. மறுநாள் அதே சர்வரை இரண்டு தடவை ஓடவிட்டு, போர்ட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று எர்ரர் வாங்கினார். ஒரு சீட்டில் இரண்டு பேர் உட்கார முடியாது என்று ஏஞ்சல் விளக்கியதற்கு, என் ஆட்டோவில் உட்காருவார்களே என்றார்.

அதற்கடுத்த நாள் லேப்டாப்பில் பக்கம் திறந்தது. போனில் திறக்கவில்லை. பார்த்தால், போனிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றே அடித்திருந்தார். அப்படி அடித்தால் போன் தனக்குள்ளேயே தேடும், லேப்டாப்பின் எண்ணைத்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லி, அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியையும் ஏஞ்சல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இதற்கிடையே, தொண்டைக்கென்று மேரி வேளாவேளைக்குக் கொண்டுவந்த உப்புத் தண்ணீரையும் அவர் மறுக்காமல் கொப்பளித்து வந்தார்.

ஐந்தாம் நாள் போன் வந்தது.

"வந்துடுச்சு மா. லேப்டாப்பு இப்ப மெஷினுக்கு எதிர்ல. தண்ணின்னு தட்டினேன். சொம்போட வந்து நிக்கிறா."

அவர் குரல் உடைந்தது. ஒரு சொம்புத் தண்ணீருக்கு இவ்வளவா என்று ஏஞ்சலுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை காலை சொல்லாமல் கிளம்பி வந்தாள். அப்பாவை நல்ல தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் குரல் கேட்டது. தெருவில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவரோடு ஜன்னல் வழியாக, நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மாவைக்கூட நின்று பார்க்காமல், ஏஞ்சல் நேரே கட்டிலுக்குப் போனாள்.

"உன் தொண்டைக்கு ஒண்ணுமே இல்லையாப்பா? எதுக்கு எங்கிட்ட பொய் சொன்ன?"

தேவசகாயம் தலையால் முன்னறையைக் காட்டினார். அம்மாவைக் கூப்பிடு என்றார்.

ஏஞ்சல் கூப்பிட்டாள். இரண்டாம் தடவை இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். மெஷின் ஓடவில்லை. மேரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஆறு மாசமா உங்கம்மாவுக்குக் காது கேக்கறதில்ல மா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சிக்கினு இருக்கா," என்றார் தேவசகாயம். "அவளா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும், கெட்டது என் தொண்டையாவே இருக்கட்டும்."