நடுவில் பானை இல்லாத வட்டம்

"என் பேரு எடியாங். நான் ஒரு குடிகாரன்."

சொல்லிவிட்டு எடியாங் மூச்சை விட்டான். குடியை விடுகிறவர்கள் கூட்டத்தில் இப்படிச் சொன்னதும் எல்லோரும் ஒரே குரலில் வரவேற்பார்கள் என்று கம்பாலாவில் இருக்கும் அத்தை மகன் ஃபோனில் சொல்லிக்கொடுத்திருந்தான். இங்கே ஒருத்தி கடலை உரிப்பதை நிறுத்தினாள். அவ்வளவுதான்.

மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவளான அமோங்கின், பாயில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"நின்னுக்கிட்டே சொல்ற விஷயமா இது? உக்காரு தம்பி. ஊருக்குப் புதுசா?"

"ஆமாம்மா. பள்ளிக்கூட வாத்தியார். முந்தாநாள்தான் மாத்தலாகி கூமிக்கு வந்தேன். உபதேசியார்கிட்ட விசாரிச்சேன். சனிக்கிழமை மத்தியானம், சர்ச்சுக்குப் பின்னாடி, மாமரத்தடியில வட்டமா உக்காந்திருப்பாங்கன்னாரு."

உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எத்தனையோ வட்டங்களில் உட்கார்ந்தவன் அவன். எல்லாவற்றிலும் நடுவில் அஜோன் என்ற கேழ்வரகுக் கள் நிறைந்த ஒரு பானை இருந்தது. பானையிலிருந்து ஆளுக்கொரு நீளக் குழல் வாய்க்கு வந்தது. பானை இல்லாத வட்டம் இதுதான் முதல். ஆனாலும் வந்த இடம் சரிதான். எல்லோர் உடுப்பிலும் புளித்த கேழ்வரகு வாசனை. ஓர் ஆண்கூட இல்லை. இந்த ஊர் ஆண்கள் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு இன்னும் தெளியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான்.

"சரி, குடிச்சிட்டு என்ன பண்ணுவே? பொண்டாட்டியை அடிப்பியா?" என்று கேட்டாள், கடலை உரித்துக்கொண்டிருந்த அகுட்டி.

"இல்லக்கா. அதுக்கு முதல்ல எழுந்து நிக்கணுமே!"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"போன வருஷம் பழைய பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா. நீளம் தாண்டுறதுக்கு நான்தான் நடுவர். அளக்குற நாடாவைக் கையில பிடிச்சபடி அந்த மணல்லயே தூங்கிட்டேன். எழுப்பிப் பாத்தாங்க, முடியல. கடைசியில பிள்ளைங்க என்னைத் தாண்டியே போட்டியை நடத்திட்டாங்க."

வட்டம் முழுக்கச் சிரித்தது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கே சொன்னாலும் சிரிப்பு வாங்கித் தரும் கதை அது. அதனால் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவது அவன் வழக்கம். இன்று நிறுத்தவில்லை.

"என் மகதான் ஜெயிச்சா. பரிசு வாங்கக் கூப்பிட்டாங்க. அவ வரல."

சிரிப்பு அடங்கியது.

"என் சம்சாரம் அவளைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. 'சத்தியம் பண்ணாதே, நிறையக் கேட்டாச்சு. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு சொட்டு தொடாம இரு, பிள்ளையோட வர்றேன்'ங்கறா. தொட்டேன்னா அவ்வளவுதான். வரவே மாட்டா."

அகுட்டி கடலைத் தட்டைக் கீழே வைத்தாள். "என் வீட்டுக்காரரும் இதாலதான் போனாரு. அடக்கம் பண்ணின ஈரம் காயறதுக்குள்ள நான் மறுபடி பானையைத் தொட்டேன். வேணாம்னுதான் இருந்தேன். முடியலியே!"

"எனக்கு இருபது வருஷப் பழக்கம்" என்றாள் அமோங்கின். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முட்டி போட்டு, விட்டுடறேன் சாமின்னு சொல்லுவேன். திங்கக்கிழமை விடிஞ்சா கை தானா அங்கதான் போகும்."

எடியாங்குக்கு, தன்னைவிட மோசமான நிலையில் இருக்கிறார்களே பாவம் என்று தோன்றியது.

"விட்டுடலாம்மா. நாம எல்லாரும் சேர்ந்து விட்டுடலாம்."

அமோங்கின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னால முடியுமா வாத்தியாரே? உள்ளதைச் சொல்லு."

"தெரியலம்மா. இங்க வர்ற வழியிலயே நாலு வீட்டு வாசல்ல பானையைப் பாத்தேன். ஒவ்வொரு இடத்துலயும் கால் தானா நின்னுச்சு. எப்படியோ இழுத்துக்கிட்டு வந்துட்டேன். ஆனா திரும்பிப் போறதும் அதே வழிதானே?"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அமோங்கின் பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். அது காது காதாக வட்டத்தைச் சுற்றி வந்தது. எடியாங்கின் காதை மட்டும் தாண்டிப் போய்விட்டது.

"சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றாள் அமோங்கின்.

எல்லாக் கைகளும் எழுந்தன. சேர்ந்த முதல் நாளே முரண்டு பிடிப்பானேன் என்று எடியாங்கும் தூக்கினான்.

"என்னம்மா முடிவு பண்ணினோம்?"

அமோங்கின் அவன் தோளில் கை வைத்தாள்.

"தம்பி, குடியை விடறவங்க கூட்டம் சர்ச்சுக்குப் பின்னாடியே, அந்தக் கோடியில இருக்கற இன்னொரு மாமரத்தடியில நடக்குது, சீக்கிரம் ஓடு. இந்த ஊருல அஜோன் காய்ச்சி விக்கிறவங்க அத்தனை பேரும் இங்கதான் உக்காந்திருக்கோம். இனிமே எங்க யாரு வீட்டு வாசல்லயும் உனக்கு ஒரு சொட்டு கிடையாதுன்னு முடிவு பண்ணியாச்சு. நீயும்தானே கையைத் தூக்கினே!"