துடிக்காத கோழி

கோழி துடிக்கவில்லை.

தையல்காரிக்கே அது ஆச்சரியமாக இருந்தது. கூடையிலிருந்து தூக்கி மடியில் வைத்துத் துணியால் கண்ணை மூடியதுமே, அதன் கழுத்து அவள் முழங்கையில் சாய்ந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் படபடப்பு அடங்கும்வரை தடவிக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எல்லாம் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கொல்வது என்று ஆகிவிட்டால் அதையும் மரியாதையாகச் செய்ய வேண்டும் என்பது அவள் கட்சி. முந்தின நாள் சாயங்காலமே தனியாகக் கூடையில் விட்டு, தண்ணீர் மட்டும் வைப்பாள். மற்ற கோழிகள் கண்ணில் படாமல் கூண்டின் மேல் சாக்கைப் போட்டு மூடுவாள். மொண்ணைக் கத்தியோடு கோழி அறுக்க வருகிறவனை வாசற்படி ஏற விடமாட்டாள்.

பின்கட்டுச் சுவரில் அடிப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் கேன் ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தாள். கோழியைத் தலைகீழாக அதற்குள் இறக்கினால் சிறகடித்துக்கொள்ளாது.

கத்தியால் ஒரே இழுப்பு. எல்லாம் அடங்கும்வரை அதன் கால்களைப் பிடித்தபடி நின்றாள்.

சூப்பு அண்ணனுக்கு.

அண்ணன் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். அண்ணி போன மாதம் இறந்ததிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அண்ணி வளர்த்த கோழிகளைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தவர், பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சூப்பு வைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

வாட்டசாட்டமான மனிதர், சட்டைக்குள் தேட வேண்டிய ஆளாகிவிட்டார். அந்தச் சட்டைகளைத் தையல்காரிதான் பிடித்துத் தைத்துத் தந்தாள். இந்த வாரம்தான் தட்டு காலியாகத் திரும்பி வருகிறது. அண்ணன் தேறிவிடுவார் என்று நேற்று ராத்திரிதான் கணவனிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்கினாள். கழுத்தடியில் கத்தி வைத்தபோது கை நின்றுவிட்டது.

ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த கோழிக்கு அந்த இடத்தில் தீனிப்பை வெறும் தோலாகக் கிடக்க வேண்டும். இதற்கு எலுமிச்சம்பழம் கணக்காகப் புடைத்திருந்தது.

கீறிப் பார்த்தாள். சோறு. சோற்றோடு முழுசு முழுசாகப் பச்சைப் பட்டாணி.

அவருக்குப் பிடிக்கும் என்று நேற்று ராத்திரி அவருக்கு மட்டும் வேகவைத்த பட்டாணி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அண்ணன் சோற்றையே கோழிக்குள் மறைத்திருக்கிறார். கூடையைத் தன் அறை வாசலில் வைக்கச் சொன்னது இதற்குத்தானா?

சோற்றின் நடுவே ஓரிடம் நீலமாக ஊறியிருந்தது. விரலால் விலக்கினாள். பாதி கரைந்த மாத்திரை.

தினமும் அவளே அவர் உள்ளங்கையில் வைக்கிற தூக்க மாத்திரை. நேற்றும் வைத்தாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, போய்ப் படு என்று அவளை அனுப்பி வைத்தார்.

கைராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோழி அரைத் தூக்கத்தில்தான் அவள் மடிக்கு வந்திருக்கிறது.

இனி இதைச் சூப்பு வைக்கவும் முடியாது. அதுகூடப் பெரிதில்லை. இந்த வாரம் முழுக்கத் தட்டு காலியானது இப்படித்தானா? அவர் தூங்குகிறார் என்று நம்பித் தான் தூங்கியதெல்லாம்? அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள் பயம் இருந்தது.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று பின்னறைக்குப் போனாள்.

அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். விடிய விடிய விழித்த கண்கள். அவள் வாயைத் திறக்கும் முன் அவரே பேசினார்.

"உங்க அண்ணி வளர்த்தது. பசியோட அனுப்ப மனசு வரல. தூக்கத்துலயே போயிடுச்சாம்மா?"

கழுவாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இந்த ஒரு கேள்விக்காவது உண்மையான பதிலைச் சொல்ல முடிகிறதே என்று அவளுக்கு இருந்தது. அவரை நேராகப் பார்த்தாள்.

"ஆமாண்ணா. ஒரு துடிப்புகூட இல்ல. தூக்கத்துலயே போயிடுச்சு."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணியின் கடைசி ராத்திரியில் அண்ணனின் பேருந்து எங்கோ தொலைவில் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலருகே இருந்தது தையல்காரி மட்டும்தான். அங்கே பார்த்ததை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. எல்லாம் முடிந்தபின் ஓடிவந்த அண்ணனிடம், அண்ணி தூக்கத்திலேயே போய்விட்டதாகத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்லல," என்றார் அண்ணன்.

தையல்காரி கதவைச் சாத்திவிட்டு வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.