கைக்கு ஒரு களிம்பு

ஆண்டிமடம் சந்தையில் சாய்வெயில் செங்கமலத்தின் கடைப் புட்டிகளில் மினுங்குகிறது. தோளில் தூங்கும் கைக்குழந்தையோடு விண்ணரசி நிற்கிறாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அதன் எண்ணெய் பட்டு அவள் விரல்கள் கறுத்து, தோலுரிந்து கிடக்கின்றன. “மொகத்துக்கு இந்த ஸ்நோ போட்டுப் பாரு, பளபளன்னு ஆயிடுவ” என்கிறாள் செங்கமலம். “மொகம் கெடக்குதுக்கா, கைக்குக் குடுங்க.” ரோஜா மணக்கும் களிம்பு எரிகிறது, தாழம்பூ மணக்கும் களிம்பு அதைவிட எரிகிறது. யாரும் கேட்டு வாங்காமல் தூசி படிந்த டப்பாவிலிருந்து, மணமே இல்லாத வெள்ளைக் களிம்பைத் தொட்டு விண்ணரசி விரல்களில் தடவுகிறாள். எரியவில்லை. செங்கமலம் பழக்கத்தில் கண்ணாடியை நீட்டுகிறாள். விண்ணரசி அதைப் பார்க்கவில்லை. ஒரு விரலால் மகளின் கன்னத்தைத் தொடுகிறாள். அந்தச் சொரசொரப்புக்கு எப்போதும் சிணுங்கி விலகும் குழந்தை, தூக்கத்திலேயே கன்னத்தை விரலோடு அழுத்திக்கொள்கிறது.