இன்னும் ரெண்டு டிகிரி

எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோ உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே முழு மூச்சாக ஓடிவிட்டு, கார் அடங்கியது.

டியூனர் ஹெட்போனைக் கழற்றவில்லை. எஞ்சினோடு ஒட்டிய மைக் வழியே அதன் வயிற்றுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். நாக்கிங் எனப்படும் தட்டல் சத்தம் இல்லை. ஒரு சின்ன 'டிக்'கூட இல்லை.

"அதான் சத்தமே இல்லையே அண்ணே. ஸ்பார்க்கை இன்னும் ரெண்டு டிகிரி முன்னால தள்ளுங்க," என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து கத்தினான் அவசரம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவனுக்கே மறந்திருக்கும்.

நாளை இறுதிப் பந்தயம். அவனுக்குச் சரிசமமாக ஓடுவது ஒரே ஒரு நீலக் கார்தான். அதை முந்த ஒரு மயிரிழை கிடைத்தால் போதும் என்று வந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தான்.

டியூனர் டைனோவின் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். கடைசியாக ஸ்பார்க்கை முன்னே தள்ளியபோது இழுவைக் கோடு ஏறவே இல்லை. பழைய கோட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது.

"பெட்ரோல்னா வலிச்சா கத்திடும் தம்பி. நீ ஊத்தியிருக்கிற எத்தனால் கத்தாது. தாங்கிக்கிட்டே இருந்துட்டு, ஒரே அடியா பிஸ்டனை உடைச்சிடும்."

"உடைஞ்சா என் வண்டி, என் தலையெழுத்து. உங்கமேல பழி வராதுண்ணே, தள்ளுங்க."

உண்மைதான். பழி வராது. கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுத்தேன் என்று சொல்லிவிடலாம். நாளை பாதி ஓட்டத்தில் இந்த எஞ்சின் சிதறினால், யாரும் இந்தப் பட்டறையைக் குறை சொல்லப் போவதில்லை.

விரல் விசையின் மேல் சற்று நேரம் நின்றது.

'என் கையால யாருக்கும் கெடுதல் வந்துடக் கூடாது சாமி.' தினமும் ஷட்டரைத் தூக்கும்போது சொல்வதை, இன்று நடுவேலையில் இன்னொரு தரம் சொல்லிக்கொண்டார்.

இரண்டு டிகிரியைக் கூட்டவில்லை. கடைசியாகத் தள்ளியதையும் பின்னுக்கு இழுத்தார்.

"பயந்தாங்கொள்ளி," என்று அவசரம் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. ஹெட்போனைக் கழற்றியிருந்தார்.

மறுபடி ஓட்டச் சொன்னார். அப்போதுதான் அந்த 'உஸ்' கேட்டது. டர்போவிலிருந்து எஞ்சினுக்கு அழுத்தக் காற்று போகும் குழாயில், கிளிப் ஒன்று கொஞ்சம் தளர்ந்து காற்று கசிந்துகொண்டிருந்தது.

அவசரத்துக்கு அது தெரியாது. அவர் சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை.

குனிந்து முறுக்கினார். அடுத்த ஓட்டத்தில் கோடு ஏறியது. மயிரிழை இல்லை, ஒரு விரல்கடை.

அவசரம் துள்ளிக் குதித்தான். காரை வெளியே எடுத்தவன், வாசலில் நிறுத்தித் தலையை நீட்டினான்.

"நாளைக்கு அந்த நீலக் காரு என் பின்பக்கத்தைத்தான் பாத்துக்கிட்டு வரும். உங்க பொண்ணுகிட்ட சொல்லி வைங்கண்ணே!"

"சொல்றேன்." டியூனர் கையைத் துடைத்துக்கொண்டார். "அவளும் காலையில அந்த நீலக் காருக்கு இதே ரெண்டு டிகிரியத்தான் கேட்டு அடம்பிடிச்சா தம்பி. அவளுக்கும் குடுக்கல."